நுனியைக் கிள்ளினால் செடிக்குள் என்ன நடக்கிறது?

மலேசியாவின் தாப்பாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி நடைவழி முழுக்க வாசலுக்கு வாசல் ஒரு மிளகாய்ச் செடி நிற்கிறது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி என்று எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, ஆளுக்கொரு பக்கமாக வந்த பிறகு எங்கள் மண்ணெல்லாம் பெயின்ட் வாளிக்குள் அடங்கிவிட்டது. செடி வைக்கும் கை மட்டும் மாறவில்லை.

அந்த வாளிகளைச் சுற்றி நடக்கும் பேச்சுதான் என்னை எழுத வைத்தது. "நுனியைக் கிள்ளி விடுங்கக்கா, சக்தி பக்கத்துக்குப் போகும்" என்கிறார் ஒருவர். "கிள்ளவே கூடாது, காய்ப்பு நின்றுபோகும்" என்கிறார் எதிர்வீட்டு அம்மா. வீட்டுக்குள் செடி வளர்க்கிற இளைஞர்கள், "ஊதா விளக்கை 18 மணி நேரம் எரிய விடணும், அப்புறம் 12 மணி நேரமாகக் குறைக்கணும்" என்கிறார்கள். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எது எந்தச் செடிக்கு, ஏன் என்று கேட்டால் பதில் வராது. காரணம் தெரியாமல் செய்கிற வேலை ஒரு செடியில் பலிக்கும், அடுத்த செடியைக் கொன்றுவிடும். அதனால் அடியிலிருந்து தொடங்குவோம்.

கணுவில் தூங்கும் மொட்டுகள்

கறிவேப்பிலைக் கன்றோ மிளகாய்க் கன்றோ, பக்கத்தில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். தண்டின் உச்சியில் இளம் இலைகள் மூடி வைத்த ஒரு முனை இருக்கும். அது நுனி மொட்டு. செடி உயரமாவது அந்த இடத்தில்தான். இப்போது கீழே வாருங்கள். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையில், கடுகைவிடச் சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். அது பக்க மொட்டு. ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிளையாக வளரக்கூடியது. பத்து இலை இருந்தால் பத்துக் கிளைக்கு வாய்ப்பு இருக்கிறது.

ஆனாலும் செடி ஒற்றைக் குச்சியாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. பக்க மொட்டுகள் சாகவில்லை, தூங்குகின்றன. தூங்க வைப்பது நுனி. நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகளை எழ விடாத இந்தப் பழக்கத்துக்கு நுனி ஆதிக்கம் என்று பெயர்.

"முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும்" என்ற பழமொழியின் முதல் பாதி இதைத்தான் சொல்கிறது. இரண்டாம் பாதியை நான் ஏற்பதில்லை. ஆனால் முருங்கை விஷயத்தில் நம் ஆட்கள் கண்டது சரியான உண்மை. உச்சி ஒடிந்தால்தான் முருங்கை பக்கத்தில் கிளைக்கும், காய் கைக்கு எட்டும்.

ஒட்டுக் கட்டியவர்களுக்குத் தெரிந்தது

என் அப்பா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஒட்டுக் கட்டுகிற வேலை செய்தவர். விதையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையில் ஒரு சின்னச் சன்னல் வெட்டுவார். நல்ல மரத்திலிருந்து ஒரே ஒரு மொட்டோடு எடுத்த பட்டைத் துண்டை அந்தச் சன்னலுக்குள் செருகிச் சுற்றிக் கட்டுவார். மூன்று நான்கு வாரத்தில் துண்டு ஒட்டிக்கொள்ளும், பச்சையாக இருக்கும். ஆனால் மொட்டு எழாது. கன்றின் சொந்த உச்சி மேலே இருக்கும்வரை அது அப்படியே கிடக்கும்.

பிறகு ஒருநாள், ஒட்டிய இடத்துக்குச் சில அங்குலம் மேலே கன்றின் தலையை வெட்டுவார்கள். சில வாரங்களில் அந்த ஒற்றை மொட்டு தளிர்விட்டு ஒரு புது மரமாகக் கிளம்பும். அத்தோடு வேலை முடியாது. பழைய கன்றின் தண்டிலிருந்து வேறு தளிர்கள் எழுந்தால் அவற்றை விடாமல் கிள்ளி எறிய வேண்டும். அப்பா அதில் கண்ணும் கருத்துமாக இருப்பார். "இது முந்திக்கிட்டா அது படுத்துக்கும்" என்பார். நுனி ஆதிக்கத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முந்துகிற தளிர் புது நுனியாகிவிடும். மற்றது மறுபடி தூங்கப் போய்விடும்.

இதுவரை பார்த்தது இதுதான்: செடியில் கிளைக்கான மொட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. நுனி அவற்றை அடக்கி வைக்கிறது. நுனி போனால் அவை எழுகின்றன, அவற்றுள் ஒன்று முந்தினால் அதுவே புதிய நுனி.

நுனி எதைக் கொண்டு அடக்குகிறது?

பள்ளி விடுமுறை நாளில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் வண்டிகள் இடைவெளியே இல்லாமல் போகின்றன. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் வெளியே வரப் பார்க்கிறது. அதை யாரும் தடுக்கவில்லை, காவலும் இல்லை. ஆனாலும் உள்ளே நுழைய இடமில்லை. பெரிய சாலையில் வண்டி குறைந்த உடனே சந்துக் கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

செடிக்குள் அந்தப் பெரிய சாலை தண்டு. அதில் ஓடும் பொருளின் பெயர் ஆக்சின். நுனியும் அதைச் சுற்றியுள்ள இளம் இலைகளும் தயாரிக்கும் வளர்ச்சிப் பொருள் அது, அதாவது செடியின் ஹார்மோன். தண்டு வழியே நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக, ஒரே திசையில், மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். ஒரு பக்க மொட்டு எழ வேண்டுமானால், அதுவும் தன் ஆக்சினைத் தண்டுக்குள் அனுப்பித் தனக்கென ஒரு வழியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நுனியிலிருந்து வரும் ஓட்டம் தண்டை நிறைத்திருந்தால் அதற்கு வழி கிடைக்காது. நுனியை எடுத்தால் ஓட்டம் வற்றும், மொட்டு தன் ஆக்சினை வெளியே விடும், அந்த வழி அகலமாகும், கிளை புறப்படும். ஆய்வாளர்கள் இன்று பெரிதும் ஏற்றுக்கொண்ட விளக்கங்களில் இது ஒன்று.

இதைக் கண்டுபிடித்த கதை அழகானது. 1880-இல் சார்ல்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியில் சின்னத் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். தொப்பி போட்ட நாற்று வெளிச்சத்தை நோக்கி வளையவில்லை. வளைவது கீழே, ஆனால் வெளிச்சத்தை உணர்வது நுனி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது. 1920-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றுகளின் நுனியை வெட்டி அகர் துண்டின்மேல் வைத்தார். அகர் என்பது நாம் பலகாரத்துக்குக் காய்ச்சுகிற அதே அகர்-அகர்தான். நுனியிலிருந்து அகருக்குள் இறங்கிய பொருளே தண்டை வளர வைக்கிறது என்று காட்டினார். 1930-களில் கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவரும் ஓர் அவரை இனச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இல்லாமலே பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

வேரிலிருந்து மேலே வரும் ஹார்மோன்களும் இதில் பங்கெடுக்கின்றன. சைட்டோகைனின் மொட்டை எழுப்பப் பார்க்கும். 2008-இல் கிளையை அடக்கும் வேலை கண்டறியப்பட்ட ஸ்ட்ரிகோலாக்டோன் தூங்க வைக்கப் பார்க்கும். தொடக்கக்காரருக்கு இந்தப் பெயர்கள் நினைவில் நிற்க வேண்டிய அவசியமில்லை. பெரிய சாலையும் சந்தும் நினைவில் இருந்தால் போதும்.

அப்போ "சக்தி பக்கத்துக்குப் போகும்" என்பது?

நான் நெடுநாள் இந்தப் பேச்சைத் தவறு என்று நினைத்திருந்தேன். ஹார்மோன் விஷயத்தை ஏதோ தண்ணீர்க் குழாய் மாதிரி பேசுகிறார்களே என்று தோன்றும். அப்புறம்தான் தெரிந்தது, அதிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஒரு சிக்கல் இருந்தது. ஆக்சின் மணிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்றால், நுனியை வெட்டியதும் முப்பது நாற்பது சென்டிமீட்டர் கீழே இருக்கும் மொட்டுக்குச் செய்தி வர ஒரு நாளுக்கு மேலாகும். ஆனால் பட்டாணிச் செடியில் அந்தக் கீழ் மொட்டு சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள்: சர்க்கரை. இலை சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது. அதை வெட்டியதும் அந்தச் சர்க்கரை வேகமாகப் பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. அவர்கள் நுனியை வெட்டாமல் சர்க்கரை மட்டும் ஊட்டியபோதும் மொட்டு எழுந்தது.

பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் சோற்றுப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் கடைசியில் இருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் எழுந்து போனதும் சோறு கடைசிவரை வரும். முதல் எழுச்சிக்குச் சர்க்கரை, எழுந்த மொட்டு கிளையாக நிலைப்பதற்கு ஆக்சின் ஓட்டம் குறைவது என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இதிலிருந்து கைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. சர்க்கரையைச் சமைப்பது இலை. நாலே நாலு இலை இருக்கும் கன்றில் கிள்ளினால், எழும் மொட்டுக்குக் கொடுக்கச் சோறு இல்லை. ஏழெட்டு நல்ல இலை வந்த பிறகு, கூர்மையான நகத்தாலோ சுத்தமான கத்தியாலோ நுனியை மட்டும் எடுங்கள். இலைகளை விட்டுவிடுங்கள்.

வெட்டாமலே அடக்குவது

நுனியை எடுப்பது ஒரு வழி. அதன் அதிகாரத்தை மட்டும் குறைப்பது இன்னொரு வழி. ஒரு தண்டை மெல்ல வளைத்துக் கயிற்றால் கிடையாகக் கட்டுங்கள். நுனி உயிரோடுதான் இருக்கும். ஆனால் அது இனிச் செடியின் உச்சி இல்லை. செடி ஈர்ப்பு விசையை உணரும். கிடையான தண்டில், மேல்பக்கம் பார்க்கும் மொட்டுகள்தான் முதலில் எழும். வில்லாக வளைத்தால் வளைவின் உச்சியில் இருக்கும் மொட்டு முந்தும். காகிதப்பூவையும் ரோஜாவையும் வேலியோரம் படுக்கக் கட்டினால் தண்டு நெடுக பூக்கிளை வருவது இதனால்தான்.

பால்மரத் தோட்டத்தில் இதற்கு ஒரு நுட்பம் உண்டு. சில இளமரங்கள் கிளையே விடாமல் சாட்டை மாதிரி உயர்ந்துகொண்டே போகும், காற்றில் வளையும். அப்படிப்பட்ட மரத்தின் உச்சி இலைகளை மடக்கி நுனி மொட்டின்மேல் தொப்பிபோலக் கவிழ்த்து ரப்பர் வளையம் போட்டுவிடுவார்கள். வெட்டு இல்லை, காயம் இல்லை. சில வாரத்தில் கீழே மொட்டுகள் எழும், தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். டார்வின் தொப்பி மாட்டியது வெளிச்சத்தைப் பற்றி அறிய, இங்கே மாட்டுவது கிளைக்காக. இரண்டும் நுனியிடம்தான் பேசுகின்றன.

மேலே கேமரன் மலையில் தேயிலையைப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளில் விரிப்பு விரித்ததுபோல இடுப்பளவில் நிற்கிறதே, அது புதர் இனம் என்று பலர் நினைக்கிறார்கள். விட்டுவிட்டால் தேயிலை பல மீட்டர் உயரமான மரம். கொழுந்து பறிப்பது என்றால் நுனி கிள்ளுவதுதான். ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் கீழே இன்னும் சில மொட்டுகள் எழுகின்றன, அவையே அடுத்த கொழுந்து. நம் முன்னோர்கள் கூடை சுமந்து செய்த அந்த வேலை, ஒரு மரத்தை நூறாண்டுக்கு மேசையாக வைத்திருக்கும் வேலை. அதைச் சும்மா "இலை பறிக்கிறது" என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

எல்லாச் செடிக்கும் பொருந்துமா?

பொருந்தாது. தாப்பாவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. அதன் உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. அதை வெட்டினாலோ காண்டாமிருக வண்டு குடைந்து தின்றாலோ மரம் முடிந்தது. செம்பனைக்கும் இலைக் கக்கத்தில் மொட்டு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மொட்டுகள் எல்லாம் பூங்கொத்தாக மட்டுமே ஆகும். கிளையாக மாறுவதற்கு ஒன்றுகூட மிச்சம் இல்லை. தென்னைக்கும் இதே கதி.

மிளகாய் இன்னொரு விதம். அது எட்டுப் பத்து இலை விட்டதும் தன் முதல் பூவைத் தண்டின் நுனியிலேயே வைக்கும். அதாவது தன் நுனியைத் தானே முடித்துக்கொள்ளும். உடனே அதற்குக் கீழே இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் மறுபடி பூவில் முடிந்து மறுபடி பிரியும். அதனால் மிளகாயைக் கிள்ளித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிள்ளினால் குட்டையாக, அடர்த்தியாக வரும், முதல் காய் சற்றுத் தள்ளிப்போகும். குட்டிக் காய் தரும் சிலி பாடி தானாகவே நன்றாகக் கிளைக்கும். நீளக் காய் தரும் கூலாய் மிளகாய் ஒற்றைக் குச்சியாக நெடுத்தால் ஒருமுறை கிள்ளலாம். எதிர்வீட்டு அம்மா "காய்ப்பு நின்றுபோகும்" என்று சொன்னது இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான். நிற்பதில்லை, பிந்துகிறது.

வீட்டுக்குள் வெளிச்சம்

இப்போது அறைக்குள் வருவோம். நம் கண் ஏமாற்றும். மதிய வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. விளக்குப் போட்ட வரவேற்பறையில் 200, 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். கண் தன் பாவையைச் சுருக்கி விரித்து இரண்டையும் "வெளிச்சம்" என்று சமாதானம் செய்துகொள்ளும். செடிக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அதற்கு அறைக்குள் பட்டினி.

பட்டினியில் செடி என்ன செய்யும்? நுனியை மேலே ஓட விடும். தண்டு மெலிந்து நீளும், இலை வெளிறும், பக்க மொட்டு தூங்கும். மற்றச் செடியின் நிழலிலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கும். பச்சை இலை சிவப்பொளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அகச்சிவப்புக்கு முந்திய தூரச்சிவப்பொளியைக் கீழே விட்டுவிடும். இந்த இரண்டின் விகிதத்தை அளக்கும் நிறமி ஒன்று செடியில் இருக்கிறது, அதன் பெயர் ஃபைட்டோகுரோம். தூரச்சிவப்பு மிகுந்தால் "மேலே யாரோ நிழல் போடுகிறார்" என்று செடி முடிவு செய்து, கிளையை விட்டுவிட்டு உயரத்தைத் தேடும்.

ஆகவே வெளிச்சம் போதாத இடத்தில் நெடுத்துப்போன செடியைக் கிள்ளினால் அடர்த்தி வராது. ஒன்றுக்குப் பதில் இரண்டு மெலிந்த குச்சி வரும். நானே இதில் ஏமாந்திருக்கிறேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 60 வெள்ளி கொடுத்து ஓர் ஊதா விளக்கு வாங்கினேன். அறையெல்லாம் ஊதாவாகத் தெரிந்தது, செடி மட்டும் கொடிபோல நீண்டது. விளக்கின் நிறத்தில் தவறில்லை. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா, இலையின் பச்சையம் அந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சும், அதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த விளக்கின் பலம் போதவில்லை, அதை நான் வைத்த தூரமும் அதிகம். தூரம் இரு மடங்கானால் சின்ன விளக்கின் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். நல்ல பலமுள்ள சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கும் மிளகாய்க்குப் போதும். செடிக்கு ஓரடிக்குள் இருக்கட்டும். கையை இலையின் உயரத்தில் வைத்துப் பார்த்து, சூடு தெரிந்தால் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும்.

இதுவரை: கிளைக்க வைப்பதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். வெளிச்சம் குறைந்தால் நுனியின் ஆதிக்கம் கூடும், கிள்ளிப் பயனில்லை.

இரவின் நீளம்

சரி, "18 மணி நேரம், அப்புறம் 12 மணி நேரம்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தைப் பற்றி எழுதினார்கள். அது கோடையில் ஆளைவிட உயரமாக வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் குட்டையாக இருக்கும்போதே பூத்தது. சூட்டை மாற்றிப் பார்த்தார்கள், உரத்தை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பகலின் நீளம்தான் காரணம் என்று கண்டார்கள். பகல், இரவு நீளத்தைப் பார்த்துப் பூக்கும் காலத்தை முடிவு செய்யும் இந்தத் தன்மை ஒளிக்காலத்துவம். 1938-இல் இன்னொரு திருப்பம் வந்தது. செடி உண்மையில் எண்ணுவது இடையறாத இருட்டை. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் அந்த இரவு கணக்கில் சேராது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் இரவில் கேமரன் மலைக்குப் போங்கள். கூடாரங்களில் விளக்கு எரியும். உள்ளே செவ்வந்தி. அது நீண்ட இரவு கண்டால் பூக்கிற செடி. நமக்கு ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம், விட்டால் காம்பு நீளும் முன்பே மொட்டு வைத்துவிடும். கடைக்காரருக்கு நீளக் காம்பு வேண்டும். ஆகவே இரவின் நடுவே விளக்கைப் போட்டு இருட்டை உடைக்கிறார்கள். காம்பு போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள், பூ வருகிறது.

இருட்டை எண்ணுவது இலை. ஆனால் பூவாக மாறுவது நுனி. இலையிலிருந்து நுனிக்குப் போகும் அந்தச் செய்திக்கு 1930-களிலேயே ஃபுளோரிஜன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது என்ன பொருள் என்று உறுதியாகத் தெரிந்தது 2007-இல்தான், ஒரு சின்னப் புரதம்.

நம் ஊரில் பகல் நீளம் மாறுவதே இல்லை, இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்குச் சியாம் 29 என்ற பழைய நெல் ரகத்தைச் சொல்வேன். மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு கால் மணி நேரம் அளவுதான். அந்தச் சின்ன வேறுபாட்டைக்கூட அந்த நெல் உணர்ந்து, எந்த மாதத்தில் நட்டார்கள் என்பதைப் பொறுத்துக் கதிர் வைக்கும் நாளைப் பல மாதம் மாற்றியது. ஒரு நெற்பயிருக்கு இருக்கும் நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

மிளகாய்க்கு இந்தக் கணக்கு ஏதுமில்லை. அது இரவின் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, வயது வந்ததும் பூக்கும். 18-லிருந்து 12-க்குக் குறைப்பதால் அதற்குக் கிடைப்பது ஆறு மணி நேரச் சாப்பாடு குறைவதுதான்.

அந்தப் பேச்சு வந்த வழி

அந்த 18, 12 கணக்கு கஞ்சா வளர்ப்புக் காணொளிகளிலிருந்து வந்தது. பெரும்பாலான கஞ்சாச் செடிகள் செவ்வந்தியைப்போல நீண்ட இரவில் பூப்பவை. நுனி வெட்டுவது, வளைத்துக் கட்டுவது, வலை விரித்துக் கிளையைப் பரப்புவது என்று அந்தக் காணொளிகள் காட்டுவதெல்லாம் தேயிலையும் ரோஜாவும் கண்ட பழைய வித்தைதான். அவற்றை எடுப்பவர்கள் பெரும்பாலும் கனடா மாதிரி, 2018 முதல் சட்டம் அனுமதித்த இடங்களில் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் நிலை வேறு. ஒரே ஒரு செடியை நடுவதும் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவின்படி குற்றம். தண்டனை நீண்ட சிறை, அத்தோடு பிரம்படி. 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2023-இல் கட்டாயத் தூக்கு நீக்கப்பட்டதே தவிர, தூக்கு நீங்கவில்லை. தாய்லாந்தில் 2022-இல் தளர்த்தினார்கள், பிறகு மறுபடி இறுக்கினார்கள். எல்லை தாண்டி நடந்த அந்த மாற்றத்தை இங்கேயும் நடந்ததாக நினைத்துப் பேசும் பையன்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தம்பிகளே, இந்த வித்தை முழுவதையும் ஒரு கூலாய் மிளகாயில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் அம்மா நீதிமன்ற வாசலில் நிற்கக்கூடாது.

அங்கே வாய்க்கு வாய் புழங்கும் "ஸ்ட்ரெய்ன்" என்ற சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வோம். தாவரவியலில் சரியான சொல் ரகம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பால்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தந்தது. உலகில் எங்கே நின்றாலும் அந்தப் பெயருள்ள ஒட்டுமரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் மொட்டிலிருந்து வந்தவை. இப்படி ஒன்றின் துண்டிலிருந்தே பெருக்கிய கூட்டம் குளோன். ஆனால் அதே மரத்தின் விதையை நட்டால் வருவது ஆர்.ஆர்.ஐ.எம். 600 அல்ல, அதன் பிள்ளை. பிள்ளை தாயைப்போல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விதைப் பொட்டலத்தின்மேல் ஒரு கவர்ச்சியான பெயர் இருப்பதால் உள்ளே இருப்பவை எல்லாம் ஒன்றேபோல வளரும் என்று நம்ப வேண்டாம். கஞ்சாவிலும் பெயருக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு மிகவும் தளர்வு. நுனி ஆதிக்கமும் ரகத்துக்கு ரகம் மாறும். ஆகவே பக்கத்து வாளியில் பலித்தது உங்கள் வாளியில் பலிக்காவிட்டால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

கிள்ளிய பிறகு

நுனியை எடுத்த மறுநாள் எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் முதல் கணுக்களை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் வெட்டுக்குக் கீழே உள்ள முதல் இரண்டு மூன்று மொட்டுகள் பச்சையாகத் திரளும். ஒரு வாரத்தில் குட்டி இலை விரியும். எல்லாம் ஒரே வேகத்தில் வராது. ஒன்று முந்தினால், அதை வெட்ட வேண்டாம், கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைத்துக் கட்டுங்கள். மற்றவை எட்டிப் பிடித்ததும் அவிழ்த்துவிடலாம். அந்த நாட்களில் தண்ணீரைக் கூட்ட வேண்டாம், உரத்தையும் அள்ளிப் போட வேண்டாம்.

எதிர்வீட்டு அம்மா போன வாரம் தன் கூலாய்ச் செடியைக் கிள்ளச் சம்மதித்தார். நுனியை எடுத்தது நான், அதை வாங்கி ரசத்தில் போட்டது அவர். இன்று காலை மேலிருந்து இரண்டாவது கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. அவர் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்.